எந்த 'ஸ்டார் வார்ஸ்' போடுவது? ஐந்து வழிகள், ஒரு ரிமோட்

"பையனுக்கு ஒன்பது வயசாச்சு, இந்த லீவுல ஸ்டார் வார்ஸ் காட்டிடலாம்னு இருக்கேன், எதுல ஆரம்பிக்கட்டும்?" என்று யாராவது கேட்டால் 1977-இல் வந்ததில் ஆரம்பியுங்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அடுத்த வரியில்தான் மாட்டிக்கொள்வோம். 1977-இல் தியேட்டரில் ஓடிய அந்தப் படம் இன்றைக்குக் கடையிலும் இல்லை, ஸ்ட்ரீமிங்கிலும் இல்லை. அதே பெயரில் இருப்பது 1997-இல் மாற்றி, 2004-இல் மறுபடி மாற்றி, 2011-இல் இன்னொரு தரம் கை வைத்து, 2019-இல் ஒரு புதுச் சொல்லையும் செருகிய படம். இது தெரியாமல் பார்ப்பவர்களுக்கு ஒரு குறையும் இல்லை, நிம்மதியாகப் பார்க்கலாம். தெரிந்துவிட்டால்தான் தொல்லை, "அப்போ எதைத்தான் போடுறது?" என்று நின்றுவிடுகிறார்கள்.

நானும் அப்படி நின்றவன்தான். சின்ன வயதில் சித்தப்பா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த கேசட்டில் மூன்று படத்தையும் பார்த்தேன். மூன்றாம் படத்தின் முடிவில் அந்தக் குட்டிக் கரடிகள் மரத்தின் மேல் கொட்டடித்துப் பாடும் பாட்டு மனதில் அப்படியே நின்றது. பல வருஷம் கழித்து டிவிடியில் பார்த்தால் பாட்டு வேறு! வயசாகிவிட்டது, ஞாபகம் பிசகுகிறது என்றே நினைத்தேன். ஞாபகம் சரியாகத்தான் இருந்தது, படம்தான் மாறியிருந்தது.

முதலில், எதை வைத்து முடிவு செய்வது

ஐந்து கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். அன்று திரையில் ஓடியதற்கு இது எவ்வளவு நெருக்கம்? இன்றைய பெரிய டிவியில் பார்க்கும்படி இருக்கிறதா? மொத்தமாக எவ்வளவு ஆகும், அதாவது விலை மட்டும் இல்லாமல் பிளேயர், கூரியர், சுங்கவரி எல்லாம் சேர்த்து? சட்டப்படி சரியா? கடைசியாக, பக்கத்தில் யார் உட்கார்ந்து பார்க்கப்போகிறார்கள்?

கடைசிக் கேள்விதான் பெரும்பாலும் மற்ற நான்கையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆனால் ரசிகர்கள் சண்டை போடும்போது அதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று, மூன்று படத்துக்கும் சேர்த்து ஒரே வடிவம் என்று முடிவு செய்யாதீர்கள். மாற்றங்கள் மூன்றிலும் சமமாக இல்லை. 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' (1980) ஏறக்குறைய தப்பித்துவிட்டது. 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை' (1983) நன்றாக அடி வாங்கியிருக்கிறது. முதல் படம் நடுவில். எல்லோரும் பெட்டியாக வாங்குவதால் பெட்டியாகவே யோசிக்கிறோம், குழப்பத்தில் பாதி அங்கேதான் வருகிறது.

என்னதான் மாறியது

முழுப் பட்டியல் போட்டால் விடிந்துவிடும். உறுத்தும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

முதல் படத்தில் அந்த மதுக்கடைக் காட்சி. மேஜைக்கு அந்தப் பக்கம் கூலிக்கு ஆள் பிடிக்கும் கிரீடோ, கையில் துப்பாக்கியோடு, "உன்னைக் கொல்லத்தான் வந்தேன்" என்கிற தோரணையில். இந்தப் பக்கம் கடத்தல்காரன் ஹான் சோலோ, சாய்ந்து உட்கார்ந்து ஒரு கையால் சுவரைச் சுரண்டிக்கொண்டே பேசுகிறான். சுவரைச் சுரண்டும் கையைத்தான் கிரீடோவும் பார்க்கிறான், நாமும் பார்க்கிறோம். மேஜைக்கு அடியில் இன்னொரு கை மெதுவாக உறையைத் திறக்கிறது. ஒரே வெடி, புகை, கிரீடோ மேஜைமேல் சரிகிறான். எழுந்து போகும்போது மதுக்கடைக்காரரிடம் ஒரு காசைச் சுண்டிப்போட்டு, இடம் அழுக்கானதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறான். இவன் எப்படிப்பட்ட ஆள் என்று அந்த ஒரு காட்சியில் தெரிந்துவிடும், கடைசியில் இவனே திரும்பி வந்து கதாநாயகன் லூக்கைக் காப்பாற்றும்போது கைதட்டத் தோன்றுவதும் அதனால்தான். 1997-இல் கிரீடோ முதலில் சுடுவதாக மாற்றினார்கள். அவ்வளவு பக்கத்திலிருந்து சுட்டுக் குறி தவறுகிறது, ஹானின் தலை கம்ப்யூட்டரில் ஓர் இழுப்பு இழுத்தாற்போல நகர்கிறது. 2004-இல் இருவரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சுடுகிறார்கள். 2019-இல் சுடுவதற்கு முன் கிரீடோ 'மக்ளங்கி' என்று ஏதோ சொல்கிறான். ஒரே காட்சிக்கு நான்கு வடிவம்.

அடுத்து ஜப்பா, ஹான் கடன்பட்டிருக்கும் கடத்தல் கும்பல் தலைவன். 1976-இல் ஒரு மனிதரை ஜப்பாவாக நிற்கவைத்து எடுத்து, பிறகு வேண்டாமென்று விட்ட காட்சி அது. 1997-இல் அந்த மனிதர் மேல் கம்ப்யூட்டர் ஜப்பாவை ஒட்டினார்கள். எடுத்தபோது ஹான் அவரைச் சுற்றி நடந்திருந்தார். புது ஜப்பாவுக்கோ நீளமான வால். என்ன செய்ய, ஹான் வாலை மிதித்துக்கொண்டு தாண்டுவதாக ஆக்கிவிட்டார்கள். சிரிப்பு வரும், வரட்டும். ஆனால் கிரீடோவிடம் பேசிய வசனத்தையே ஹான் இங்கே திரும்பவும் பேசுகிறார், அதற்குச் சிரிப்பு வராது.

இந்தக் காட்சியின் பழைய தடம் ஒன்று காமிக்ஸில் இருக்கிறது. 1977-இல் படம் வருவதற்குச் சில வாரம் முன்பே மார்வெல் முதல் இதழை விட்டது. ராய் தாமஸ் எழுத்து, ஹோவர்ட் சேக்கின் ஓவியம், மொத்தம் ஆறு இதழில் முதல் படத்தின் கதை. அதில் ஜப்பா இரண்டு காலில் நிற்கும் மஞ்சள் முகக்காரன். படத்தில் வெட்டப்பட்ட லூக், அவன் நண்பன் பிக்ஸ் சந்திப்பும் அதில் இருக்கிறது. வெட்டுவதற்கு முந்தைய திரைக்கதையை வைத்து வரைந்ததால், படத்தொகுப்பு மேஜையில் விழுந்தது எல்லாம் அச்சில் தங்கிவிட்டது.

இரண்டாம் படத்தில், வில்லன்களுக்கெல்லாம் தலைவனான சக்கரவர்த்தியின் முகத்தை மாற்றினார்கள். 1980-இல் முகமூடி போட்ட ஒரு பெண்ணின் முகத்தில் சிம்பன்சியின் கண்களைப் பொருத்தி, கிளைவ் ரெவில் குரல் கொடுத்திருந்தார். பார்த்தாலே வயிற்றைப் பிசையும். 2004-இல் அது இயன் மெக்டியார்மிட் ஆனது. மூன்றாம் படத்தில் அவர்தான் வருகிறார் என்பதால் இதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். மேக நகரத்துக்கு ஜன்னல் வைத்தது எனக்குப் பிடித்தே இருக்கிறது. லூக் தப்பித்தபின், முகமூடி வில்லனும் லூக்கின் தந்தையுமான வேடர் வெறுப்போடு "என் ஷட்டிலைக் கொண்டுவா" என்று சொல்லும் சின்ன வரியை எடுத்துவிட்டு அலுவலக உத்தரவு மாதிரி ஒரு நீட்டுவசனம் வைத்தது மட்டும் பிடிக்கவில்லை.

மூன்றாம் படத்துக்கு வருவோம். ஜப்பாவின் மாளிகைப் பாட்டு மாறியது. முடிவுப் பாட்டு மாறியது, கேசட் காலத்து என் பாட்டு அதுதான், ரசிகர்கள் 'யப் நப்' என்பார்கள். ஜான் வில்லியம்ஸின் புது இசை நல்ல இசை, பழையதைப் போட்டால் என் மகளே சிரிப்பாள், அது வேறு விஷயம். ஆவியாக நிற்கும் தந்தை உருவத்தில் செபாஸ்டியன் ஷாவை எடுத்துவிட்டு 2004-இல் ஹேடன் கிறிஸ்டென்சனை வைத்தார்கள். எல்லாவற்றையும்விட மோசமானது 2011-இல் வந்தது. சக்கரவர்த்தி லூக்கை மின்னலால் வதைக்கிறார். வேடர் பக்கத்தில் நிற்கிறார். மகனைப் பார்க்கிறார், எஜமானைப் பார்க்கிறார், மறுபடி மகனை. பேச்சு இல்லை. முகமும் இல்லை, அசையாத கறுப்பு முகமூடிதான். உள்ளே என்ன நடக்கிறது என்பதை நாமே நிரப்பிக்கொள்ள வேண்டிய சில நொடிகள். 2011-இல் அங்கே ஒரு "நோ", அப்புறம் ஒரு நீட்டமான "நோஓஓ" வைத்தார்கள். பக்கத்து சீட்டில் ஒருவர் கதை சொல்வது மாதிரி.

வழி 1: ஸ்ட்ரீமிங், அல்லது அதே வடிவம் 4கே டிஸ்க்கில்

2019-இல் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது வந்த வடிவம்தான் 2020-இல் 4கே டிஸ்க்காகவும் வந்தது. படத் தரம் என்று மட்டும் பார்த்தால் அதிகாரபூர்வமாக வந்ததில் இதுதான் மேல். 2004, 2011 வடிவங்களில் முகமெல்லாம் ரோஸ் பூசி நிழலெல்லாம் நீலமாகக் கிடந்தது. அந்த அசிங்கத்தைப் பெரும்பாலும் துடைத்திருக்கிறார்கள். பிலிமுக்கே உரிய அந்தப் பொடிப்பொடியான கிரெயினைக் கொஞ்சம் அதிகமாக வழித்துவிட்டார்கள் என்று புலம்புகிறவர்கள் உண்டு. பெரிய டிவியில் பக்கத்தில் உட்கார்ந்தால் அது எனக்கும் தெரிகிறது.

மறைமுகச் செலவு என்னவென்றால், ஸ்ட்ரீமிங்கில் இருப்பது உங்களுடையது இல்லை. 2019-இல் 'மக்ளங்கி' எப்படி வந்ததோ அப்படித்தான் அடுத்த மாற்றமும் வரும், ஒருநாள் காலையில், சொல்லாமல் கொள்ளாமல். டிஸ்க்கை யாரும் வீட்டுக்கு வந்து மாற்ற முடியாது. ஆனால் 4கே டிஸ்க்குக்கு 4கே பிளேயர் வேண்டும், நம் ஊரில் அதைத் தேடி வாங்குவதே ஒரு வேலை. ஒரு நல்ல சேதி, 4கே டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டு கிடையாது, எந்த நாட்டில் வாங்கினாலும் ஓடும்.

யாருக்கு இது? குழந்தைக்கு முதல்முறை காட்டுகிறவர்களுக்கு. 'எம்பயர்' மட்டும் பார்க்கிறவர்களுக்கு, யாராக இருந்தாலும்.

வழி 2: பழைய அதிகாரபூர்வ டிஸ்க்குகள், 2004 டிவிடி, 2011 புளூ-ரே

வேண்டாம். அலமாரியில் ஏற்கெனவே இருந்தால் பாருங்கள், புதிதாகக் காசு போட்டு வாங்காதீர்கள். 2004-இல் லூக் பயிற்சி செய்யும் நீல லைட்சேபர் (ஒளி வாள்) பச்சையடித்துத் தெரியும், அந்த அளவு அவசரம். 2011-இல் கூடுதல் காட்சிகளும் ஆவணப்படங்களும் நிறைய, அதற்காக மட்டும் சிலர் வாங்குகிறார்கள், அதுவும் சரி. வெளிநாட்டு புளூ-ரே என்றால் மண்டலத்தைப் பாருங்கள். இந்தியா சி, அமெரிக்கா ஏ, இங்கிலாந்து பி.

வழி 3: 2006 டிவிடி

மாற்றாத மூன்று படங்களும் அதிகாரபூர்வமாக டிவிடியில் வந்த ஒரே வடிவம் இது. 2006 செப்டம்பரில் வந்து அந்த வருஷக் கடைசியோடு நிறுத்திவிட்டார்கள், 2008-இல் ஒரு பெட்டித் தொகுப்பில் மட்டும் மறுபடி தலைகாட்டியது. பெட்டியில் முதல் டிஸ்க் 2004 வடிவம், இரண்டாவது டிஸ்க்கில் 'கூடுதல் அம்சம்' என்ற பெயரில் பழைய படம். வீட்டுக்காரரைத் திண்ணையில் படுக்கவைத்தது மாதிரி.

கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் புதிதாக பிலிமை ஸ்கேன் செய்யவில்லை, 1993-இல் லேசர் டிஸ்க்குக்காக (டிவிடிக்கு முந்தைய பெரிய வட்டு) செய்த பழைய மாஸ்டர் பிரதியை அப்படியே டிவிடியில் இறக்கிவிட்டார்கள். அகலத்திரைப் படத்தைப் பழைய சதுர டிவிக்கு ஏற்ற சட்டத்துக்குள் சின்னதாக வைத்த வடிவம். அமெரிக்க டிவிடியில் மொத்தம் 480 வரிகள், அதில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை போக உண்மையான படத்துக்குக் கிடைப்பது சுமார் 270. இன்றைய டிவியில் போட்டால் நாலு பக்கமும் கறுப்பு, நடுவில் ஒரு தபால் தலை. பெரிதாக்கினால் மங்கல். அந்தக் காலத்து இரைச்சல் நீக்கும் முறையால் அசையும் உருவங்கள் லேசாக இழுபடும்.

இதை வாங்கிச் சூடுபட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் பழைய பிரதி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். மேலுறைப் படம் சரி, பின்பக்க எழுத்து சரி. விலையைவிடக் கூரியர் அதிகம், அதற்குமேல் சுங்கவரி. பிரித்தால் உள்ளே ஒரே ஒரு டிஸ்க், முதல் டிஸ்க். எதற்காக வாங்கினேனோ அந்த இரண்டாவது டிஸ்க்கின் இடம் காலி. எழுதிக் கேட்டதற்கு, "படம் இருக்கிறதே, மற்றது போனஸ்தானே" என்று பதில் வந்தது. அவரையும் குற்றம் சொல்ல முடியாது, பெட்டியிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது! வாங்குவதாக இருந்தால் இரண்டாவது டிஸ்க்கின் போட்டோவைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அமெரிக்கப் பிரதி மண்டலம் 1, நம்முடையது 5, உங்கள் பிளேயர் எல்லா மண்டலமும் ஓட்டுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு? சட்டத்தைத் துளியும் மீறமாட்டேன், ஆனால் பழைய படம்தான் வேண்டும், மங்கலானாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு. பழைய சதுர டிவியை இன்னும் வைத்திருப்பவர்களுக்கும். அதில் உண்மையிலேயே அழகாக இருக்கும். 1995 விஎச்எஸ் கேசட்டும் லேசர் டிஸ்க்கும் இதே ரகம்தான், ஓட்ட இயந்திரம் இருந்தால்.

வழி 4: ரசிகர்கள் மீட்டெடுத்தவை

இரண்டு வகை, இரண்டுக்கும் மனப்போக்கே வேறு.

முதல் வகை 'டீஸ்பெஷலைஸ்டு எடிஷன்'. செக் நாட்டு ரசிகர் ஒருவர், ஹார்மி என்ற பெயரில் அறியப்படுகிறவர், தலைமையில் செய்தது. 2011 புளூ-ரேவை அடிப்படையாக வைத்து, மாற்றிய இடங்களில் மட்டும் 2006 டிவிடி, பிலிம் ஸ்கேன்கள், பழைய ஓவியப் பின்னணிகள் என்று கிடைத்ததை எல்லாம் எடுத்து ஒட்டி, நிறத்தைச் சரிசெய்து, தையல் தெரியாமல் சேர்த்திருக்கிறார்கள். பழைய பட்டுப்புடவையில் இழை நூற்று இழை சேர்ப்பது மாதிரி வேலை. 720 வரிதான், ஆனால் பார்க்கச் சுத்தமாக இருக்கும்.

இரண்டாம் வகை '4கே77'. டீம் நெகட்டிவ்1 என்ற குழு 2018-இல் வெளிவிட்டது. இவர்கள் ஒட்டுப்போடவில்லை. 1977-இல் தியேட்டரில் ஓடிய 35 எம்எம் பிரிண்ட்டையே தேடிப்பிடித்து 4கே-வில் ஸ்கேன் செய்தார்கள், பெரும்பகுதி ஒரே பிரிண்ட்டிலிருந்து. இங்கே ஒரு தொழில்நுட்ப சமாச்சாரம், எனக்குப் பிடித்தது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து ஈஸ்ட்மன்கலர் பிரிண்ட்டுகள் வருஷம் போகப்போக நிறம் வெளுத்து, மிஞ்சுவது ஒரு ரோஸ் சிவப்பு மட்டும். பழைய தமிழ்ப் படங்களைச் சிவந்துபோன பிரிண்ட்டில் பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். டெக்னிகலர் சாய முறையில் மூன்று நிறத்தையும் தனித்தனியாக பிலிமில் ஏற்றுவார்கள், அது வெளுக்காது. 1977-இல் அமெரிக்காவில் அந்த முறையை நிறுத்தியிருந்தார்கள், பிரிட்டனில் இன்னும் நடந்துகொண்டிருந்தது. ஆகவே 'ஸ்டார் வார்ஸி'ன் அசல் நிறம் தங்கியது பிரிட்டனில் போட்ட பிரிண்ட்டுகளில்.

அதைப் பார்க்கும்போது கீறல் இருக்கும், தூசி தெரியும், கிரெயின் கொதிக்கும், ரீல் மாறும் இடத்தில் மூலையில் புள்ளி வரும். கிரெயினைக் குறைத்த வடிவமும் குறைக்காத வடிவமும் தனித்தனியாக உண்டு. குறைக்காததைப் போட்டால் தியேட்டரில் ப்ரொஜெக்டர் அறைக்குக் கீழே உட்கார்ந்த மாதிரி இருக்கும். குழந்தைகள் "ஏன்பா இவ்ளோ அழுக்கு?" என்பார்கள். ஆரம்பத்தில் மேலேறிப் போகும் எழுத்தில் 'எபிசோட் 4' என்ற வரியே இருக்காது, ஏனென்றால் அது 1981 மறுவெளியீட்டில்தான் சேர்ந்தது. ஒலியிலும் 1977-இல் 35 எம்எம் ஸ்டீரியோ, 70 எம்எம், மோனோ என்று மூன்று கலவை இருந்தது, மோனோவில் சில வசனமே வேறு, லூக்கின் அத்தை பேரூவின் குரலே வேறு. ஆக 'ஒரே அசல்' என்பதும் கொஞ்சம் நாமாகக் கற்பித்துக்கொண்டதுதான்.

சரி, சட்டம். இவை எதற்கும் உரிமையாளர் அனுமதி இல்லை. அதிகாரபூர்வ டிஸ்க்கை வாங்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று செய்தவர்களே வலியுறுத்துகிறார்கள். அது மனச்சாட்சிக்கு ஆறுதல், சட்டத்துக்குப் பதில் ஆகாது. எங்கே கிடைக்கும் என்று நான் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்: யாராவது இதைக் காசுக்கு விற்றால் அவர் கடைந்தெடுத்த ஏமாற்றுப் பேர்வழி, செய்தவர்கள் ஒரு பைசா வாங்கவில்லை. மற்ற செலவுகளும் இருக்கின்றன. கோப்பு பத்துக்கணக்கான ஜிபி, அதை ஓட்டும் டிவி, அடுத்தது இதைத் தேடிப்போய் மாட்டும் வைரஸ்.

ஆனால் ரசிகர்கள் காப்பாற்றாமல் இருந்திருந்தால் சில விஷயம் இன்றைக்கு இருந்திருக்காது. 1978 நவம்பர் 17-இல் அமெரிக்க டிவியில் 'ஸ்டார் வார்ஸ் ஹாலிடே ஸ்பெஷல்' என்று ஒரு நிகழ்ச்சி வந்தது. பார்க்கச் சகிக்காது, அது வேறு. ஒரே முறை ஒளிபரப்பினார்கள், முழுதாக எந்த டிஸ்க்கிலும் விடவில்லை. அது இன்றும் இருப்பதற்குக் காரணம் அன்று வீட்டில் கேசட்டில் பதிவு செய்துவைத்த பார்வையாளர்கள். நடுநடுவே விளம்பரத்தோடு. அதில் வந்த கார்ட்டூன் துண்டை மட்டும் 2021-இல் டிஸ்னி பிளஸில் ஏற்றினார்கள்.

வழி 5: 2027 வரை பொறுப்பது

இது புதிதாகச் சேர்ந்த வழி. 2025 ஜூனில் லண்டனில் பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிடியூட் தன் பிலிம் விழாவில், மைனஸ் 5 டிகிரிக் குளிரில் பத்திரப்படுத்திவைத்த 1977 டெக்னிகலர் பிரிண்ட்டை ஓட்டியது. பல வருஷமாக வெளியே தலைகாட்டாத வடிவம் அதிகாரபூர்வமாகத் திரையில் வந்தது. அப்புறம் 50-ஆம் ஆண்டை ஒட்டி 2027-இல் 1977 தியேட்டர் வடிவத்தைப் புதுப்பித்து வெளியிடுவதாகப் படத்தைத் தயாரித்த லூகாஸ்ஃபிலிம் நிறுவனமே அறிவித்தது.

அதனால் முதல் படத்துக்கு மட்டும், அவசரம் இல்லாதவர்கள் பொறுத்திருங்கள் என்பேன். அறிவிப்பு முதல் படத்துக்குத்தான். மற்ற இரண்டும் வரும் என்று நாமாகக் கணக்குப் போடக் கூடாது. நமக்குப் பக்கத்துத் தியேட்டரில் எத்தனை காட்சி கிடைக்கும், பிறகு டிஸ்க்காக வருமா என்பதெல்லாம் வரும்போது தெரியும். ஒன்பது வயதுப் பையனை வைத்திருப்பவருக்குப் பொறுப்பதிலும் ஒரு செலவு இருக்கிறது. பதினொன்றில் அவனுக்கு வேறு பைத்தியம் பிடித்திருக்கும்.

அவசரக்காரர்களுக்கு ஓர் அட்டவணை

| வழி | 1977-க்கு நெருக்கம் | படத் தரம் | செலவு, தொல்லை | யாருக்கு |
|---|---|---|---|---|
| ஸ்ட்ரீமிங் / 4கே டிஸ்க் | தூரம் | மிக நன்று | சந்தா. டிஸ்க் என்றால் பிளேயர் | முதல்முறை பார்ப்பவர், 'எம்பயர்' |
| 2004, 2011 டிஸ்க் | தூரம் | சுமார், நிறம் மோசம் | வீண் | கூடுதல் காட்சிப் பிரியர் |
| 2006 டிவிடி | கிட்டத்தட்ட அதுவே | மங்கல் | தேடல், சுங்கவரி, மண்டலப் பூட்டு | சட்டம் தவறாத பழமைவாதி |
| டீஸ்பெஷலைஸ்டு | நெருக்கம், ஒட்டுவேலை | நன்று, சுத்தம் | அனுமதி இல்லாதது | குடும்பத்தோடு பழையதைப் பார்ப்பவர் |
| 4கே77 | அதுவே | பிலிம் மாதிரி, கீறலோடு | அனுமதி இல்லாதது, பெரிய கோப்பு | பிலிம் பைத்தியம் |
| 2027 | அறிவித்தபடி அதுவே | வந்தால்தான் தெரியும் | காலம் | பொறுமைசாலி, முதல் படத்துக்கு மட்டும் |

ஆனால் எடுத்தவருக்கு மாற்றும் உரிமை இல்லையா?

இதைக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. ஜார்ஜ் லூகாஸின் கட்சி தெளிவானது. அன்று காசும் இல்லை, நேரமும் இல்லை, தொழில்நுட்பமும் இல்லை, மனதில் இருந்ததை இப்போதுதான் முடித்தேன், பழையது அரைகுறை வரைவு என்கிறார். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் அதே லூகாஸ் 1988-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் போய், பழைய படங்களை மாற்றக் கூடாது என்று வாதாடியவர். நாளைக்கு நடிகர்களின் முகத்தையே புதிதாக மாற்றும் நாள் வரும், பழைய நெகட்டிவ் தொலைந்து மாற்றிய நெகட்டிவ் அதன் இடத்துக்கு வந்துவிடும் என்று எச்சரித்தார். செபாஸ்டியன் ஷாவின் முகத்தை எடுத்தது பதினாறு வருஷம் கழித்து. அவர் அன்று பேசியது உரிமையாளர்களுக்கு எதிராக, படைப்பாளியின் பக்கம் நின்று, ஆகவே முரண்பாடு இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சமாதானம் முழுதாக இறங்கவில்லை, அதைச் சேர்ந்து உருவாக்கிய நடிகரும் ஒலிக்கலைஞரும் மாதிரி செய்தவரும் இருக்கிறார்களே.

நம் பக்கத்தில் இதன் தலைகீழ் வடிவம் 2025 ஆகஸ்டில் நடந்தது. தனுஷ் நடித்த 'ராஞ்சனா'வின் தமிழ் வடிவமான 'அம்பிகாபதி'யை, நாயகன் சாகும் முடிவை ஏஐ வைத்து மாற்றிப் பிழைக்கவைத்து மறுவெளியீடு செய்தார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் எதிர்ப்புச் சொன்னார்கள். அங்கே எடுத்தவரே மாற்றுகிறார், இங்கே எடுத்தவரைக் கேட்காமல் மாற்றுகிறார்கள். பார்க்கிறவனுக்கு இரண்டிலும் கேட்பது ஒன்றுதான்: மாற்றியதையும் வையுங்கள், மாற்றாததையும் பக்கத்தில் வையுங்கள், எதைப் பார்ப்பது என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஓடிக்கொண்டிருக்கும்போதே பாட்டை வெட்டி நீளத்தைக் குறைக்கும் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்வது கொஞ்சம் அதிகம்தான். இருந்தாலும் சொல்கிறேன்.

நான் என்ன செய்தேன்

என் மகளுக்கு முதல் படத்தை ஸ்ட்ரீமிங்கிலேயே காட்டினேன். 2027-இல் தியேட்டருக்குக் கூட்டிப்போய் அசலைக் காட்டலாம் என்று கணக்கு. ஜப்பா வாலை ஹான் மிதித்ததற்கு விழுந்து விழுந்து சிரித்தாள், நான் ஒன்றும் சொல்லவில்லை. 'எம்பயர்' அதே மாதிரி, ஒரு குறையும் இல்லை. 'ஜெடை'யில்தான் யோசனை. 2006 டிவிடி என்றால் தபால் தலை, அவள் பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விடுவாள். கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஸ்ட்ரீமிங்கையே போட்டு ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டேன். வேடருக்குத்தான் முகமூடியாயிற்றே, வாய் அசைவது தெரியாது. அந்த இடம் வரும்போது சத்தத்தை நிறுத்திவிட்டால் 1983 திரும்பி வந்துவிடும், பின்னணி இசையும் சேர்ந்து போகும், சில நொடிதானே. இரண்டு நாள் ஒத்திகைகூடப் பார்த்தேன்.

காட்சி வந்தது. வேடர் மகனைப் பார்க்கிறார், எஜமானைப் பார்க்கிறார். சரியான நேரத்தில் அழுத்தினேன். அறையே அமைதி.

"அப்பா, டிவி போயிடுச்சு," என்றாள், அப்புறம் திரையின் அடியைப் பார்த்து, "ஆனா அவர் 'நோ'ன்னு கத்துறார் போல."

சப்டைட்டிலை அணைக்க மறந்துவிட்டேன்.